வார அட்டவணையில் எத்தனை பெயர்கள்?

வீட்டு வேலை குவிந்து மூச்சு முட்டும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கும் ஒரே விடைதான் சொல்லப்படுகிறது: வாரத்துக்கு ஓர் எளிய அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். திங்கள் துணி, செவ்வாய் குளியலறை, புதன் தரை, வியாழன் அலமாரி. நாளுக்கு ஒரு வேலை, அரை மணி நேரம். ஆய்வாளர் நண்பர்களிடையே இந்த அறிவுரைக்கு இருவகை எதிர்வினைகளைக் காண்கிறேன். ஒரு சாரார் அதை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டி, மூன்றாம் வாரத்தில் கிழித்தெறிந்துவிட்டு, தமக்கு ஒழுங்கு வராது என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். மற்றொரு சாரார், சுரண்டலைக் கேள்வி கேட்காமல் சுரண்டப்படுபவளையே இன்னும் திறமையாக உழைக்கச் சொல்லும் ஏற்பாடு இது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரு நிலைகளிலும் எனக்கு உடன்பாடில்லை. வார அட்டவணை பயனுள்ள கருவி என்றே கருதுகிறேன். ஆனால் வேலையின் அளவை யார் தீர்மானிக்கிறார், அது யாருடைய நேரத்தில் நடக்கிறது, அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லாத அட்டவணை நிலைக்காது. இதை விளக்கக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. நூறாண்டுக்கும் மேலாக வீட்டின் காலத்தை வீட்டுக்கு வெளியே இருந்த ஒன்று ஆண்ட ஊர் அது. முதலில் சுரங்கத்தின் சங்கு. இப்போது பெங்களூர் ரயில்.

சங்கின் காலம்

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் தங்கவயல் வளர்ந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள், சுரங்கங்களைச் சுற்றி எழுந்த ‘லைன்’களில் குடியமர்ந்தார்கள். சுரங்கம் இரவு பகல் பாராமல் ஷிப்ட் கணக்கில் ஓடியது. சங்கு ஊதினால் ஒரு கூட்டம் கீழே இறங்கும். மறு சங்குக்கு மேலே வரும்.

தொழிலாளர் வரலாறு இந்த ஷிப்டை ஆணின் உழைப்பு நாளாக மட்டுமே எழுதியிருக்கிறது. அதையே அடுப்படியிலிருந்து பார்த்தால் வேறொரு கணக்குக் கிடைக்கும். தகப்பன் காலை ஷிப்டிலும், மூத்த மகன் பிற்பகல் ஷிப்டிலும், இளையவன் இரவு ஷிப்டிலும் இருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் எட்டு மணி நேரம்தான் வேலை. அவர்களுக்குச் சோறு கட்டி அனுப்பி, திரும்பி வந்தவருக்கு வெந்நீர் வைத்து, பகலில் உறங்குபவரின் தூக்கம் கெடாமல் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவைத்த பெண்ணோ மூன்று ஷிப்டிலும் இருந்தாள். ஒற்றை அறை வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது கூட்டித் துடைக்க முடியாது. அம்மியில் அரைத்தால் சத்தம். எந்த வேலையை எப்போது செய்யலாம் என்பதை முடிவு செய்தது அவளுடைய விருப்பமோ சுறுசுறுப்போ கிடையாது. ஷிப்டு மாறினால் அடுப்பின் நேரமும் மாறியது.

ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1989இல் வெளியிட்ட நூல் வேலைக்குச் செல்லும் பெண்களின் வீட்டு உழைப்புக்கு ‘இரண்டாம் ஷிப்ட்’ என்ற பெயரை நிலைக்கச் செய்தது. கல்விப்புலத்தில் அச்சொல்லை உருவகமாகவே கையாள்கிறோம். தங்கவயலில் அதற்கு உருவகத்தின் தேவையே இல்லை. ஷிப்ட் என்றால் என்னவென்று அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். தெரியாமல் போனது ஒன்றுதான்: பெண்ணின் ஷிப்டு எந்த மஸ்டர் ரோலிலும் ஏறவில்லை.

அளப்பதில் அந்நிறுவனம் குறைவைத்ததில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. இறங்கிய ஒவ்வோர் அடியும் குறிக்கப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. அது அவுன்ஸ் கணக்கில் எழுதப்பட்டது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவந்தபோது அது உலகமே வியந்த சாதனை. அந்த மின்சாரம் இயந்திரத்துக்கு உடனே கிடைத்தது; தொழிலாளியின் சமையலறைக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. எது முக்கியம் என்று கருதப்பட்டதோ அதற்கு அளவுகோலும் ஆற்றலும் முதலில் கிடைத்தன.

சயனைடு மேடும் துடைக்கும் துணியும்

‘மலைப்பு’ என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் கண்முன்னே ஒரு பொருள் உண்டு. பொடியாக அரைத்த பாறையிலிருந்து சயனைடு கரைசலின் துணையோடு பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவுமண், குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. கோடிக்கணக்கான டன் எடையுள்ள அந்தக் குன்றுகளைத்தான் சயனைடு மேடு என்கிறோம். கோடைக் காற்று வீசத் தொடங்கினால் மாவைப் போன்ற அந்தப் புழுதி ஊருக்குள் இறங்கும். மூடிவைத்த பாத்திரத்தின் மேல், உலர்த்திய துணியின் மடிப்பில், பாயின் அடியில், பிள்ளையின் புத்தகத்தில் எல்லாம் படியும்.

வீட்டு வேலை பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஒன்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிடுகின்றன: வேலையின் அளவு வீட்டுக்குள்ளேயே உருவாகிறது என்பதை. பொருட்களைக் குறைத்தால் வேலை குறையும், அடுக்கிவைத்தால் குறையும் என்கிறார்கள். சயனைடு மேட்டின் அடிவாரத்தில் குடியிருப்பவள் என்னதான் அடுக்கினாலும், காலையில் துடைத்த தரையை மாலையில் மீண்டும் துடைத்தே ஆகவேண்டும். அந்தப் புழுதியை அவள் வீட்டார் உண்டாக்கவில்லை. ஒரு தொழில் தன் இலாபத்தை எடுத்துச் சென்றுவிட்டு, துடைக்கும் பொறுப்பை அவளிடம் விட்டுச் சென்றிருக்கிறது. குழாயில் நீர் வராத நாட்கள் சுமத்தும் வேலையும் இத்தகையதே. குடம் தூக்குவதும், பிடித்த நீரை நாள்கணக்கில் பங்கிடுவதும் நிர்வாகம் தவறவிட்ட பணியை வீடு செய்து முடிப்பதாகும்.

நோயிலும் இதைக் காணலாம். பாறைத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் சுரங்கத் தொழிலாளியின் நோய் என்று மருத்துவ நூல்களில் படிக்கிறோம். வேலைக்குப் போக முடியாமல் அவர் வீடு திரும்பியபின், இருமலோடு விழித்திருக்கும் இரவுகளும் மருந்து வேளைகளும் மருத்துவமனை வரிசைகளும் மனைவியின் அல்லது மகளின் நாளில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே ஒருத்தி ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லும்போது, அவளுடைய திட்டமிடும் திறனைச் சோதிப்பதற்கு முன், அவள் வீட்டு வாசலில் எந்தெந்த நிறுவனங்கள் தம் வேலையை இறக்கிவைத்திருக்கின்றன என்று கேட்பதே நேர்மை.

ரயிலின் காலம்

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. சங்கின் ஆட்சி முடிந்தது. ரயில் அட்டவணையின் ஆட்சி தொடங்கியது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடிவதற்கு முன்பே பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள். ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ரயில் நேரத்தோடு, வீட்டிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து வேலையிடத்துக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், போகவர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

ஒரு பெண் பயணியின் நாளைக் கணக்கிடுவோம். வேலை ஒன்பது மணி, பயணம் ஐந்து மணி, எஞ்சுவது பத்து. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அப்பணிகளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81.2 விழுக்காடு; ஆண்களில் 26.1 விழுக்காடு மட்டுமே. பெண்களின் சராசரியை அப்படியே இந்தப் பயணியின் மீது ஏற்றுவது சரியாகாது. வெளியே வேலைக்குச் செல்லாதவர்களும் அதில் அடங்குவர். பாதியாகவே வைத்துக்கொள்வோம்: இரண்டரை மணி. எஞ்சியது ஏழரை. அதற்குள் குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், உறங்க வேண்டும். எந்த அட்டவணையாலும் இந்தக் கூட்டல் கழித்தலை மாற்ற முடியாது. நாளுக்கு இருபத்தைந்தாவது மணியை எந்த அறிவுரையும் கொண்டுவந்து தராது.

2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில் இந்த எண்கள் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்று குறைந்துள்ளன. இதைக் காட்டிப் பெண்ணின் சுமை இறங்குகிறது என மகிழ்வோர், இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2019இல் இடைவெளி 202 நிமிடம், 2024இல் 201. ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு நிமிடம். பெண்கள் செலவிடும் நேரம் குறைந்திருக்கிறது, பங்கீடு நகரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரயிலேறும் பெண்களில் பலர் பெங்களூரின் அலுவலக வளாகங்களில் ‘ஹவுஸ்கீப்பிங்’ வேலை பார்க்கிறார்கள். அத்தகைய கட்டடங்களில் கழிவறைக் கதவின் பின்புறம் ஓர் அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மணிக்குத் துடைக்கப்பட்டது, என்ன செய்யப்பட்டது, செய்தவர் யார், சரிபார்த்தவர் யார் என நான்கு பத்திகள் அதில் இருக்கும். அங்கே தரையைத் துடைக்கும் அதே கை இரவு வீட்டுத் தரையைத் துடைக்கும்போது அதற்கு அட்டை இல்லை, நேரம் இல்லை, பெயர் இல்லை. ஒரே வேலை ஓரிடத்தில் வேலையாகவும் இன்னோரிடத்தில் இயல்பாகவும் கொள்ளப்படுகிறது. வார அட்டவணையின் உண்மையான பயன் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கதவு அட்டைதான் எனக்கு விளக்கியது.

அட்டவணை பிறந்த கதை

வீட்டை அட்டவணையால் ஆளும் எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபிரடெரிக் டெய்லரின் ‘அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்’ 1911இல் வெளிவந்தது. தொழிற்சாலையில் ஒவ்வோர் அசைவையும் அளந்து வீணானதை நீக்குவது அதன் முறை. அடுத்த ஆண்டே கிறிஸ்டின் ஃபிரடெரிக் என்னும் அமெரிக்கப் பெண்மணி அதனை அடுக்களைக்குக் கொண்டுவந்து எழுதத் தொடங்கினார். அக்கட்டுரைகள் 1913இல் நூலாயின. பாத்திரம் கழுவும் தொட்டியின் உயரம் முதல் வாரத்தின் எந்த நாளில் எந்த வேலை என்பதுவரை அவர் வகுத்தார். அவர் சொன்னவற்றில் பல இன்றும் பயன்படுவன; குனிந்து குனிந்து முதுகு நோகத் தேவையில்லை என்று ஒரு பெண் எழுதியதை எள்ளுவதற்கில்லை.

ஆனால் டெய்லரின் முறையில் திட்டமிடுபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். வீட்டில் அந்தப் பிரிவினை இல்லை. என்ன தீர்ந்தது என்று கவனிப்பவளும், எப்போது வாங்குவது என்று யோசிப்பவளும், கடைக்குப் போகிறவளும், கொண்டுவந்ததை அடுக்குபவளும் ஒருத்தியே. எனவே தொழிற்சாலையில் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கப்பட்ட சுமை, வீட்டில் அதே பெண்ணின் தலையில் மற்றொரு வேலையாக ஏறியது: அட்டவணை போடும் வேலை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடுத்த படியைக் காட்டியது. வீட்டுக்கு இயந்திரங்கள் வந்தபின் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் மறைந்தன. தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது. தாயின் நேரம் எதிர்பார்த்தபடி மிச்சமாகவில்லை. கருவி தானாக விடுதலை தராது. அதைச் சுற்றியுள்ள பங்கீடும் எதிர்பார்ப்பும் மாறினால்தான் கருவிக்குப் பொருள் உண்டு.

நிலைக்கும் அட்டவணை எப்படி இருக்கும்?

இத்தனைக்கும் பின் அட்டவணையை ஏன் பரிந்துரைக்கிறேன்? திகைப்பில் இருப்பவருக்கு வரலாற்றுணர்வு மட்டும் சோறு போடாது. நாளை காலை பாத்திரம் கழுவியாக வேண்டும். அதற்கு ஒரு வழி வேண்டும்.

முதலாவதாக, ஒரு வாரம் எதையும் மாற்றாமல், நடப்பதை நடக்கிறபடி எழுதுங்கள். நடக்க வேண்டியதை எழுதாதீர்கள். யார் எழுந்தார், யார் பால் வாங்கினார், கேஸ் தீரப்போவதை யார் கவனித்தார் என்பதுவரை பதியுங்கள். ஆய்வுக்கு முன் தரவு திரட்டுவதில் நாம் காட்டும் பொறுமையை வீட்டுக்கும் காட்டலாம்.

இரண்டாவதாக, எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு நாளும் தள்ள முடியாதவை: சோறு, நீர், பாத்திரம், குப்பை, குழந்தையும் முதியவரும், மருந்து. வாரம் ஒருமுறை போதுமானவை: துணி, குளியலறை, தரை, அலமாரி, கடை. மாதத்துக்கோ பருவத்துக்கோ ஒருமுறை வருபவை: ஒட்டடை, போர்வை, பரண். மனம் மலைத்துப் போவதற்குப் பெரும்பாலும் காரணம், இம்மூன்றும் ஒரே குவியலாக நம் முன் நிற்பதுதான். பரணில் கிடக்கும் பழைய பெட்டி இன்றிரவின் பாத்திரத்தோடு சேர்ந்து நம்மை அச்சுறுத்தக் கூடாது. பிரித்துப் பார்த்தால், இன்று செய்தே ஆகவேண்டியவை நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

மூன்றாவதாக, வார வேலைகளை நாளுக்கு ஒன்றாக வையுங்கள்; ஊரின் ஓட்டத்தோடு கட்டுங்கள். தண்ணீர் வரும் நாளே துணி துவைக்கும் நாள். அது திங்களாக இருக்க வேண்டியதில்லை. விடுப்பு நாளில் மூன்று நாளுக்கு மாவரைத்து வைத்தால் மூன்று விடியற்காலைகள் எளிதாகும். புழுதிக் காலத்தில் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் எழும்பிய புழுதி மீண்டும் படியும். ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பதே மேல். ரயில் நேரத்தால் ஆளப்படும் வீட்டில் வார நாட்களுக்கு ஒன்றுமே வைக்காமல் இரண்டே நாட்களில் நான்கு வேலைகளை வைப்பதும் அட்டவணைதான். பிறர் வகுத்த திங்கள், செவ்வாயை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பாதி அட்டவணைகள் தோற்கின்றன.

நான்காவதாக, நேரத்துக்கு வரம்பு வையுங்கள். அரை மணி முடிந்தால் பாதியில் நின்றாலும் நிறுத்திவிட வேண்டும். தவறிய வேலையை மறுநாளோடு சேர்க்கக் கூடாது. அது அடுத்த வாரம் தன் முறைக்குக் காத்திருக்கட்டும். பாக்கியை மறுநாளுக்கு ஏற்றிக்கொண்டே போனால் மூன்றாம் வாரத்தில் அட்டவணை வட்டிக்கடன் ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது வெறுமையாக இருக்கட்டும். நோயும் விருந்தும் இறப்பும் எந்த வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஐந்தாவதாக, இதுவே முதன்மையானது: வேலை, நாள் என்ற இரண்டு பத்திகளோடு பெயர் என்ற மூன்றாவது பத்தியைப் போடுங்கள். அந்தப் பத்தியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமானால், உங்கள் வீட்டில் இருப்பது ஒருவருக்கான வேலைப் பட்டியல். அதனை மற்றவர்கள் முன்னிலையில் உரக்கப் படியுங்கள். வேலையைப் பங்கிடும்போது முழுமையாகப் பங்கிடுங்கள். ‘துணி’ என்று ஒருவர் பெயரில் இருந்தால் சோப்புத் தீர்வதைக் கவனிப்பது முதல் மடித்து வைப்பதுவரை அவருடையது. யாராவது சொன்னால் செய்வேன் என்பவர், நினைவில் வைத்திருக்கும் வேலையை இன்னொருவரிடமே விட்டுவைக்கிறார். ‘அம்மாவுக்கு உதவி செய்தேன்’, ‘மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கிறேன்’ என்ற வாக்கியங்களை நாம் கைவிட வேண்டும். தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுவது யாருக்குச் செய்யும் உதவி?

இரண்டு மறுப்புகள்

பெண்ணியக் கோட்பாட்டில் தேர்ந்த நண்பர்கள் ஒரு மறுப்பு எழுப்புவார்கள். வீட்டு வேலைக்கு ஊதியம் கோரும் இயக்கம் 1972இல் தொடங்கியது. சில்வியா ஃபெடரிச்சியின் புகழ்பெற்ற சிறுநூல் 1975இல் வந்தது. சிக்கல் உற்பத்தி முறையில் இருக்கும்போது சுவரில் தாள் ஒட்டுவது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் தொழிலாளர் வரலாறு நமக்குச் சொல்வது, பதிவேடு இரு பக்கமும் கூருள்ளது என்பதே. மஸ்டர் ரோல் முதலாளியின் கண்காணிப்புக் கருவி; கூடுதல் நேர ஊதியத்துக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் தொழிலாளி கைகாட்டிய சான்றும் அதுவே. எழுதப்படாத உழைப்பைப் பற்றிப் பேரம் பேச முடியாது. அட்டவணையை யார் கையில் வைத்து, யாரை நோக்கி நீட்டுகிறோம் என்பதே அதன் அரசியல்.

மற்றொரு மறுப்பு, அரசும் நீதிமன்றமும் இதை அங்கீகரித்துவிட்டன என்பது. 2023 ஆகஸ்டு 30இல் கர்நாடகம் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருகலட்சுமி திட்டத்தைத் தொடங்கியது. செப்டம்பர் 15இல் தமிழ்நாடு 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. ‘உரிமை’ என்று அதற்குப் பெயரிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்புக் கணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் வலியுறுத்தியது. கணவரின் பெயரில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. இவை பெரும் முன்னகர்வுகள். எனினும் பணம் வந்தது, நேரம் வரவில்லை. நீதிமன்றமோ மரணம் நேர்ந்த பின்னும் வழக்கு மூண்ட பின்னும்தான் கணக்கெடுக்க முடியும். உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே கணக்கெடுக்க வீட்டாரைத் தவிர வேறு யாருமில்லை.

நம் துறைகளுக்கு ஒரு சொல்

இப்பதிவைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்கள். ஆகவே நம் வீட்டுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் பெண் ஆய்வாளர்களுக்கு இரண்டாண்டுக் கூடுதல் அவகாசமும், மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பும் அளித்தன. கூடுதல் அவகாசம் 2022 விதிமுறைகளிலும் தொடர்கிறது. வீட்டு உழைப்பு ஆய்வு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை. ஆனால் இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகை மொத்தம் ஐந்தாண்டுகளோடு நின்றுவிடுகிறது. அவகாசம் நீள்கிறது, உதவித்தொகை நீள்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பலருடைய ஆய்வேடு முடங்குகிறது. தங்கவயல் போன்ற ஊரிலிருந்து முதல் தலைமுறையாக வந்த பெண்ணாக இருந்தால், காலை ரயிலில் ஏதேனும் ஒரு வேலைக்கு ஏறிவிடுவதே குடும்பத்துக்கு நியாயமாகப் படும். ஆண் ஆய்வாளருக்கு இந்தக் கூடுதல் அவகாசம் ஏன் தேவைப்படவில்லை என்ற கேள்வியையும் அந்த விதிமுறை எழுப்பாமல் எழுப்புகிறது. அவருடைய அந்த இரண்டாண்டுகளை வேறொருவர் தம் நேரத்திலிருந்து கொடுத்திருக்கிறார்.

ஆகவே துறைகளிடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை: நீட்டித்த காலத்துக்கு உதவித்தொகை, வளாகத்தில் குழந்தைகள் காப்பகம், மாலை ஆறு மணிக்குமேல் கூட்டம் வைக்காத ஒழுங்கு. நம்மிடமே நாம் கேட்க வேண்டியதும் உண்டு. வாடகை அறையில் நால்வர் தங்கி ஆய்வு செய்யும் ஆண் நண்பர்கள், அழுக்குத் துணியை மாதம் ஒருமுறை ஊருக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

எச்சரிக்கையாக ஒன்று. படுக்கையிலிருந்து எழவே மனமில்லை, உணவு செல்லவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்ற நிலைக்கு அட்டவணை மருந்தாகாது. அது வேலைச் சுமையைத் தாண்டிய நிலை. அப்போது மருத்துவரை நாட வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். ஒழுங்கின்மை என்று தம்மைப் பழித்துக்கொண்டு இருப்பவர்கள் பலர் உண்மையில் நோயுற்றிருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. இந்த வாரம் ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டு, வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஞாயிறன்று எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாம் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். எத்தனை பெயர்கள் இருந்தன என்பதைக் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். ஒன்றுதான் இருந்தது என்றால், அதற்கடுத்த வாரத்தின் அட்டவணையை எழுதும் வேலையையாவது வேறொருவர் பெயரில் போடுங்கள்.